ஓசி இட்லி

வேல்ராஜ் அண்ணாச்சியைக் கெட்ட மனுஷன் என்று சொன்னால் சொன்னவர் நாக்கு அழுகிப்போகும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற அந்தச் சந்தில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் மூங்கில் வெட்டுகிறவர் அவர்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வார்டு ஆபீஸுக்குப் போய் இந்தி, மராத்தி, திருநெல்வேலித் தமிழ் மூன்றையும் கலந்து ஒரு பாட்டம் சத்தம் போட்டுவிட்டு வருகிறவரும் அவர்தான். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் ஆண்டவன் அவருக்கு ஒரு பிடி கூடுதலாக அள்ளிக் கொடுத்துவிட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்களே, அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் மாமாவோடு ரயிலேறி வந்தவர். தோல் கிடங்கில் உப்பு அள்ளிப் போட்டார், கை வெந்தது. டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்றார். பேச ஆளில்லாமல் அந்த வேலையும் பிடிக்கவில்லை. பிறகு பேராச்சியைக் கட்டினார். பேராச்சியோடு அவள் வீட்டு இட்லித் தொழிலும் வந்து சேர்ந்தது. விடியுமுன்னே அடுப்பு எரியும். சந்துக்காரர்கள் வாசலில் வந்து வாங்கிக்கொள்வார்கள். மிச்சம் தேக்சா என்கிற அலுமினியப் பாத்திரத்தில் ஏறும், தேக்சா சைக்கிள் கேரியரில் ஏறும், ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு அண்ணாச்சி மாட்டுங்கா, செம்பூர் என்று கிளம்பிவிடுவார். சட்னியில் உப்புக் குறைந்த நாளிலும் அவர் பேச்சைக் கேட்டே இட்லி தீர்ந்துவிடும்.

ஒரே மகள் முத்துமாரி. வீட்டில் மாரி. செம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை. எதிர்வீட்டுப் பிச்சையா, தன் சின்னம்மா பேரனுக்கு அவளைப் பேசியிருந்தார். பையனுக்கு அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, தை பிறந்ததும் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் மாரி இருமத் தொடங்கினாள். கஷாயம், இருமல் மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. முனிசிபல் டிஸ்பென்ஸரியில் சளியைச் சோதித்துவிட்டு டி.பி. என்றார்கள்.

அண்ணாச்சிக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. டி.பி. வந்த பெண்ணை எவன் கட்டுவான்? அதுகூடப் பிறகு. டி.பி. வந்த வீட்டு இட்லியை எவன் வாங்குவான்? பிச்சையாவுக்குத் தெரிந்தால் அம்பர்நாத்துக்குத் தெரியும். சந்துக்குத் தெரிந்தால் அடுப்பு அணைந்துவிடும். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற மனுஷன் அன்றைக்கு மகளிடம் வெளியில் மூச்சு விடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாத்திரையை நாள் தவறாமல் விழுங்க வைக்கிற பொறுப்பு சபுராவிடம் வந்தது. சபுரா அந்தப் பகுதியின் ஆரோக்கிய சேவிகா. கடையநல்லூர்க்காரி, இரண்டு சந்து தள்ளி வீடு. சொட்டு மருந்து, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு, காய்ச்சல் கணக்கு என்று வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. கொரோனா காலத்தில் பெரிய டாக்டர்களே உள்ளே வரப் பயந்தபோது கொளுத்துகிற வெயிலில் பிளாஸ்டிக் அங்கி மாட்டிக்கொண்டு அண்ணாச்சியின் நெற்றிக்கு நேரே சூடு பார்க்கும் கருவியை நீட்டியவள் அவள்தான். டி.பி. வீடு என்றால் தெரு என்ன பேசும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழியும் அவளே சொன்னாள்.

"அண்ணாச்சி, நான் இட்லி வாங்க வாரவ மாதிரி தூக்குச்சட்டியோட வாரேன். மாத்திரை அதுக்குள்ள இருக்கும். எவ வந்து மூடியத் திறந்து பாக்கப் போறா?"

அப்படியே வந்தாள். காலையில் வாசலில் நாலு பேர் நிற்கும்போது தூக்கோடு உள்ளே நுழைவாள். மாரி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்டும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். பிறகு நாலு இட்லி வாங்கிக்கொண்டு, காசைப் பலகையில் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் பேராச்சி காசு வேண்டாம் என்று மல்லுக்கட்டினாள். சபுரா கேட்கவில்லை. சும்மா கொடுத்தால், இவளுக்கு மட்டும் ஏன் சும்மா என்று நாலு பேர் கேட்பார்கள் மைனி, காசை வாங்கிக்கொண்டால்தான் இது இட்லி வியாபாரம் என்று சொன்னாள். கொஞ்ச நாளில் மாரியின் இருமல் அடங்கியது, முகத்தில் ரத்தம் ஏறியது. இனி அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் மாத்திரையை மட்டும் நடுவில் நிறுத்தக் கூடாது என்று டிஸ்பென்ஸரியில் சொன்னார்கள். அண்ணாச்சி சைக்கிளில் பழையபடி பாட்டுப் பாடிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

அப்போதுதான் சேவிகாக்கள் வேலை நிறுத்தம் என்று உட்கார்ந்தார்கள். சர்க்கார் கணக்கில் அவர்கள் வேலைக்காரர்களே இல்லை, தொண்டர்கள். அவர்களுக்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, மானதன். அதாவது மரியாதைக்குக் கொடுக்கிற காசு. அந்த மரியாதையில் ஒரு வீட்டு வாடகைகூடத் தேறாது. எங்களையும் தொழிலாளி என்று எழுது, சட்டப்படி கூலி கொடு என்று ஆசாத் மைதானத்தில் பந்தல் போட்டுவிட்டார்கள். சபுராவுக்குக் குரல் நன்றாக இருக்கும். தாராவிப் பெண்கள் அவள் கையில்தான் மைக்கைக் கொடுத்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் ஒரே சண்டை. தொண்டு செய்கிறேன் என்று வந்துவிட்டு இப்போது கூலி கேட்டால் அதற்குப் பெயர் தொண்டா என்றார் பிச்சையா. என் பேத்திக்கு ஊசி போடுகிற தேதி தாண்டிப் போச்சே, அதற்கு யார் பதில் சொல்வது என்று ஒரு அம்மாள் அழுதாள். அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொரோனாவில் இவளுகளுக்காகத் தட்டைத் தட்டினோம், கைதட்டினோம், காசு என்று கேட்டதும் கசக்கிறதோ என்று டீ ஆற்றிக்கொண்டே மன்சூர் அலி கேட்டார். எல்லா விஷயத்திலும் முதலில் வாயைத் திறக்கிற வேல்ராஜ் அண்ணாச்சி இதில் மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு சைக்கிளை மிதித்தார். அவர் பயம் வேறு. மாத்திரை நின்றுவிடுமோ என்பதுதான் அவர் கவலை.

நிற்கவில்லை. பந்தல் போட்ட மறுநாள் காலையிலும் சபுரா தூக்கோடு வந்தாள். அண்ணாச்சி திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"மாத்திரைக்கு ஸ்டிரைக் தெரியுமா அண்ணாச்சி? நடுவுல நின்னா நோய் திரும்பி வந்து உக்காந்துக்கிடும். சங்கத்துல தெரிஞ்சா என்னையக் கிழிச்சிருவாளுவ. நீங்களும் வெளிய சொல்லிராதிய."

ஆக, அவளும் ஒன்றை மறைத்தாள், அவரும் ஒன்றை மறைத்தார். வித்தியாசம், அவள் மறைத்தது அவருக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் இருக்கிற, பிள்ளையார் விழா நடத்துகிற மண்டல் ஹாலில் கூட்டம். சேவிகாக்களுக்கு ஆதரவு கொடுப்பதா வேண்டாமா என்று பேச ஒரு கட்சிக்காரர் கூட்டியிருந்தார். செல்போனில் படம் பிடித்து நெட்டில் போடுகிற சாய்நாத் என்ற பையன் மைக்கை ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் சபுராவும் இன்னும் சில சேவிகாக்களும் நின்றார்கள். இவர்கள் உங்கள் வீடுகளுக்கு வந்திருக்கிறார்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கட்சிக்காரர் கேட்டார். வந்தார்கள் என்றது ஒரு பக்கம், வரவில்லை என்றது இன்னொரு பக்கம். நடுவிலிருந்து பிச்சையா எழுந்தார். அவர் விஷமமாகக் கேட்கவில்லை. கேலியாகத்தான் கேட்டார்.

"என்னவே வேல்ராஜு, எங்க வீட்டுப் பக்கம் எப்பயாச்சும்தான் எட்டிப் பாக்கா. உம்ம வீட்டுல மட்டும் விடிஞ்சா வந்து நிக்காளே, என்ன விசயம்?"

மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. சாய்நாத்தின் மைக் அண்ணாச்சியின் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. அவருக்குப் பிச்சையா முகத்தில் அம்பர்நாத் தெரிந்தது. சுற்றி நின்ற முகமெல்லாம் அவர் வீட்டு இட்லி தின்கிற முகம். இட்லி வாங்க வருகிறாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது பொய்கூட இல்லை. ஆனால் வாய் அதற்குள் தொழிலை ஆரம்பித்துவிட்டது.

"என்ன விசயமா? ஓசி இட்லிதான் விசயம். தொண்டு செய்ய வாராளாம். ஊசிய மறந்தாலும் தூக்குச்சட்டிய மறக்க மாட்டா. இவளுவளுக்குச் சம்பளம் வேற வேணுமாம்!"

ஹால் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு என்றால் அவருக்குச் சர்க்கரை. அந்த ஒரு நொடி, தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து அவருக்கு இனித்தது. இனித்தது என்பதைத்தான் பிற்பாடு அவரால் தாங்கவே முடியவில்லை. சபுரா அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, உங்கள் மகளைக் கேளுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அண்ணாச்சியின் குடும்பம் அங்கேயே கவிழ்ந்திருக்கும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

வீடியோ அன்று பொழுது சாய்வதற்குள் தாராவி முழுக்கச் சுற்றிவிட்டது. மறுநாள் மாட்டுங்காவில் பஞ்சாபகேசன் என்கிற வாடிக்கைக்காரர், ரிடையரான பாங்க் ஆபீஸர், பால்கனியிலிருந்து போனை ஆட்டிக் காட்டி, பேஷா சொன்னேள் போங்கோ, இவாளுக்கெல்லாம் இப்படித்தான் சொல்லணும் என்று பாராட்டினார். எட்டு இட்லி கூடுதலாகவும் வாங்கினார். அண்ணாச்சிக்கு அந்தக் காசைச் சட்டைப்பையில் போடும்போது கை கூசியது.

அவர் சைக்கிளை எடுக்குமுன்னே அன்று காலையில் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சபுரா வரமாட்டாள் என்று பேராச்சி அழுதுகொண்டிருந்தாள். புருஷனோடு ஒரு பேச்சுப் பேசவில்லை. மாவை அவர் தலையில் ஊற்றாததுதான் பாக்கி. ஆனால் சபுரா வந்தாள். தூக்கோடுதான் வந்தாள். சந்தில் சில பிள்ளைகள் ஓசி இட்லி, ஓசி இட்லி என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தன. உள்ளே வந்து, மாரி விழுங்குவதைப் பார்த்து, நாலு இட்லிக்குக் காசை வழக்கமான இடத்தில் வைத்தாள். அண்ணாச்சி அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். திட்டுவாள், திட்டிவிட்டால் தேவலை என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

"அண்ணாச்சி, ஓசியில வாங்குறவன்னு ஊரறியச் சொல்லிட்டிய. இனிமே நான் தூக்கோட வந்தா நீங்க என்னைய விரட்டணும்லா? விரட்டலன்னா சந்தேகப்படுவாவ. பிள்ளைக்கு மாத்திரைய எப்பிடிக் கொண்டாரதுன்னு நீங்களே சொல்லுங்க."

அட பாவி மனுஷா! தன் வீட்டை மறைத்திருந்த ஒரே திரையைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருக்கிறார், அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் சபுராவே சொன்னாள்: மாரி வேலைக்குப் போகும் வழியில் ரயில்வே பாலத்துப் படியில் நிற்கட்டும், நான் வந்து கொடுக்கிறேன். அன்றிலிருந்து அவர் மகள் சொந்த வீட்டில், சொந்த அம்மா கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வழியில்லாமல், ஜனம் இடித்துக்கொண்டு போகிற படியில் சுவரைப் பார்த்து நின்று மாத்திரை விழுங்கினாள்.

நடந்தது காதில் விழுந்திருந்தாலும், மாரி அந்த வீடியோவைத் தாமதமாகத்தான் பார்த்தாள். கடையில் கூட வேலை பார்க்கும் ஜோயா சிரித்துக்கொண்டே காட்டினாளாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, சபுராக்காவ இப்ப சங்கத்துல பின்னால உக்கார வச்சிட்டாங்க. மைக்கையும் வாங்கிட்டாங்க. உன்னால எங்க எல்லாருக்கும் கேவலம், ஓசி இட்லிக்கு எதுக்குப் போனேன்னு கேக்காங்களாம். அவங்க வாயே திறக்கல. எனக்காகத்தான திறக்கல? நான் போய்ச் சொல்லிரட்டா?"

வேண்டாம் என்றார் அண்ணாச்சி. கல்யாணம் என்றார், இட்லி என்றார், பிச்சையா என்றார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவள் கூச்சப்பட்டாள். இவருடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த நாள் அவர் மாட்டுங்கா பக்கம் போகவில்லை. தேக்சா நிறைய இட்லியை அடுக்கி, சட்னி வாளியையும் தூக்கிக்கொண்டு ஆசாத் மைதானத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் கையில் எதையாவது எடுத்துக்கொண்டுதானே போவான். பந்தலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சபுரா கடைசியில், கம்பத்துக்குப் பின்னால் இருந்தாள். அண்ணாச்சி தேக்சாவின் மூடியைத் திறந்து, எல்லாரும் சாப்பிடுங்கம்மா என்றார். முன்னால் இருந்த ஒரு பெண் என்ன விலை என்று கேட்டாள்.

"விலையெல்லாம் வேண்டாம் தாயி. சும்மாதான்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. ஓசியா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கையும் நீட்டவில்லை. இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று நின்றார். ஊரெல்லாம் விற்ற வாய் அங்கே ஒட்டிக்கொண்டது.

சபுராதான் எழுந்து வந்தாள். அவரைப் பந்தலுக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு, எது போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் சொல்லிருதேன் தாயி. பிள்ளைக்கு டி.பி.ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"அவ நோய எதுக்கு அண்ணாச்சி சொல்லணும்?" என்றாள் சபுரா. "உங்க பொய்யச் சொன்னாப் போதாதா?"

வேல்ராஜ் அண்ணாச்சி அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சபுரா காசு கொடுத்துத்தான் வாங்கினாள், நான் சொன்னது பொய். இவ்வளவுதான். இதில் டி.பி. இல்லை, மாரி இல்லை, அம்பர்நாத் இல்லை. இத்தனை நாளும் மகளைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருக்கிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாரே, எந்த மகளை? தன்னைப் பொய்யன் என்று தன் வாயால் சொல்லாமல் இருக்க, நோயாளிப் பிள்ளையை முன்னால் நிறுத்தி அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். இப்போதுகூட மகள் நோயைச் சொல்லத் துணிந்தார், தன் பொய்யைச் சொல்லத் தோன்றவில்லை. அந்த இடத்தில் அவருக்கு வந்தது அவமானமென்றால், மண்டல் ஹாலில் சபுராவுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

உள்ளே போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். சபுரா ஒரு நாளும் என் வீட்டில் ஓசியில் இட்லி வாங்கியதில்லை, வாங்கிய ஒவ்வொரு இட்லிக்கும் காசு கொடுத்தாள், நான் வாய்க்கொழுப்பில் பொய் சொன்னேன் என்றார். அந்த முன்வரிசைப் பெண் எழுந்து கம்பத்துக்குப் பின்னால் போய் சபுராவின் பையை எடுத்து முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எல்லாரும் காசு கொடுத்து இட்லி வாங்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் வாங்கி, ஒவ்வொருவருக்கும் சில்லறை கொடுத்தார்.

சந்துக்குத் திரும்பியதும் குழாயடியில் பிச்சையாவிடமும் சொன்னார். பிச்சையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டார். இரண்டு காரணம் இருந்தது. ஒன்று மகளுடையது, அதைத் தொடவில்லை. தன்னுடையதைச் சொன்னார்.

"ஆளுக சிரிக்கணும்னு சொன்னேன்வே."

சாய்நாத்தைத் தேடிப்போய் இதையும் படம் பிடிக்கச் சொன்னார். அவன் பிடித்தான், போட்டான். நாலு பேர் பார்த்தார்கள். அந்தப் பழைய வீடியோ இன்றைக்கும் எங்கெங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. செவிலியர் வேலை நிறுத்தம், ஆஸ்பத்திரி ஊழியர் வேலை நிறுத்தம் என்று எங்கே பேச்சு வந்தாலும் எவனாவது அதை எடுத்துப் போட்டு, பார் இவளுகளை என்கிறான். மாட்டுங்காவில் பஞ்சாபகேசனிடம் அது பொய் என்று சொன்னபோது, இருந்தாலும் பாயிண்ட் கரெக்ட் என்று சொல்லிவிட்டு வழக்கமான இட்லியோடு நிறுத்திக்கொண்டார். செம்பூரில் புதிதாக யாராவது ஓசி இட்லி அண்ணாச்சியா என்று கேட்டால், அவர் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, நடந்ததைச் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

அம்பர்நாத் பையனுக்கு மாரியே போன் போட்டுத் தன் நோயைச் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். சேவிகாக்களோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்கிறார்கள், பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. மைக் மறுபடி சபுரா கையில்.

காலையில் சபுரா மறுபடி வீட்டுக்கே வருகிறாள். ஓசியில் வாங்குகிறவள் இல்லை என்று ஊரறியச் சொன்ன பிறகு அவள் இட்லி வாங்க வருவதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாரி பேராச்சி கையில் தண்ணீர் வாங்கி விழுங்குகிறாள். சபுரா தூக்கை நீட்டுகிறாள், நாலு இட்லி வாங்கிக்கொள்கிறாள், காசைப் பலகையில் வைக்கிறாள். ஒவ்வொரு நாளும் அந்தக் காசு வேண்டாம் என்று சொல்ல அண்ணாச்சிக்கு நாக்கு துடிக்கும். சொல்வதில்லை. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்கிறார்.